ஒலிக்காத வாய்ஸும் சிபியுவைத் தின்னும்: ப்யூர் டேட்டா சிந்த் ஒன்றில் சுமை குறைப்பு

வேலைக்கு எடுத்துக்கொண்டது ப்யூர் டேட்டாவில் (பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள், சுருக்கமாக பிடி) கட்டிய ஒரு 16 வாய்ஸ் சிந்த், அதாவது ஒரே நேரத்தில் 16 நோட்டு ஒலிக்கும் சிந்தசைசர். ஒரு வாய்ஸுக்குள் இருப்பவை: ட்யூனிங் லேசாக விலகிய மூன்று ஃபேஸர்~ (ரம்ப அலை), ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு -~ 0.5, ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் ஆஸ்க்~ (சைன் அலை), அதற்கு ஒரு *~ (பெருக்கல்). எல்எஃப்ஓவுக்கு (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) இன்னொரு ஆஸ்க்~, *~. ஃபில்டர் என்வலப்புக்கு (நோட்டின் போக்கில் ஃபில்டர் ஏறி இறங்கும் வடிவம்) ஒரு விலைன்~, *~. ஃபில்டர் வெட்டும் அதிர்வெண்ணான கட்-ஆஃபைக் கணக்கிட +~, எம்டிஓஎஃப்~ (நோட்டு எண்ணை ஹெர்ட்ஸாக மாற்றுவது). பிறகு விசிஎஃப்~ (ஃபில்டர்), ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்க ஹைபர்பாலிக் டான் எழுதிய எக்ஸ்பிஆர்~ (சூத்திரம் எழுதும் பெட்டி), கடைசியில் வால்யூம் என்வலப்புக்கு விலைன்~, *~. கூட்டினால் 18 சிக்னல் ஆப்ஜெக்ட் (பெயரில் ~ உள்ள, ஒலியைக் கணக்கிடும் பெட்டி). போதாததற்கு ஒவ்வொரு வாய்ஸின் வாலிலும் ஒரு ரெவ்2~ (ரிவெர்ப், அதாவது அறை எதிரொலி) தொங்குகிறது. மேசைக் கணினியில் எப்படியோ ஓடிவிடும். கையடக்க ஒற்றை போர்டு கணினியில் நாலு விரலை வைத்தாலே ஒலி வெட்டி வெட்டி வரும்.

எதைக் கழற்றுவது என்று பார்க்கும் முன், பிடி எப்படிக் கணக்கிடுகிறது என்பது தெரிய வேண்டும். டிஎஸ்பியை (ஒலிக் கணக்கீட்டை) ஆன் செய்தவுடன் எல்லா ~ ஆப்ஜெக்ட்களையும் அது ஒரே வரிசையில் அடுக்கிக்கொள்ளும். அதன் பிறகு 64 சாம்பிளுக்கு ஒருமுறை அந்த வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டும். 44,100 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்பது 1.45 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 689 ஓட்டம். 18 ஆப்ஜெக்ட், 16 வாய்ஸ், 689 ஓட்டம்: ரிவெர்ப்பைச் சேர்க்காமலே நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் அழைப்புகள். கீபோர்டை யாரும் தொடாவிட்டாலும் இந்த எண் குறையாது. என்வலப் பூஜ்யத்தில் இருந்தால் பிடி பூஜ்யத்தால் பெருக்கும்; பெருக்கத்துக்கு ஆகும் செலவு அதேதான். அவுட்லெட்டில் (பெட்டியின் வெளிவாயில்) எதுவும் இணைக்காமல் பேட்சின் (கட்டிய நிரலின்) ஓரத்தில் மறந்துபோன ஆஸ்க்~ கூட ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஆப்ஜெக்ட்டை வேகமானதாக மாற்றுவது இரண்டாவது வேலை. கணக்கிடவே தேவையில்லாததைக் கணக்கிடாமல் விடுவது முதல் வேலை. இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் எக்ஸ்பிஆர்~ ஒன்றை நாள் முழுக்கச் செதுக்கிவிட்டு, மீட்டர் அசையவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள்.

அளப்பது

மீடியா மெனுவில் இருக்கும் லோட் மீட்டர் காட்டுவது சராசரி. ஒட்டுமொத்த நிலவரத்துக்கு அது போதும். தனி ஆப்ஜெக்ட்டின் செலவை அறிய வேறு வழி வேண்டும்: அந்த ஆப்ஜெக்ட்டை மட்டும், தனி ஃபைலாகச் சேமித்த பேட்சான ஒரு அப்ஸ்ட்ராக்‌ஷனில் வைத்து, க்ளோன் கொண்டு 100 பிரதி எடுங்கள். சிபியுடைம் ஆப்ஜெக்ட்டின் இடது இன்லெட்டில் (உள்வாயில்) ஒரு பேங் (‘செய்’ என்னும் செய்தி), 10 நொடி கழித்து வலது இன்லெட்டில் ஒரு பேங். வரும் மில்லிசெகண்டை 10,000-ஆல் வகுத்தால் 100 பிரதியும் சேர்ந்து தின்னும் சிபியு பங்கு கிடைக்கும். காலி அப்ஸ்ட்ராக்‌ஷனின் 100 பிரதிக்கும் இதையே செய்து கழித்துவிடுங்கள். உள்ளே நாய்ஸ்~ போல உண்மையான சிக்னல் போக வேண்டும். வெறும் பூஜ்யத்தை ஊட்டி எடுத்த அளவை நம்ப முடியாது.

லினக்ஸில் இதற்கு முன் ஒரு வேலை உண்டு. சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் பூட்டுங்கள். இல்லையென்றால் சுமை குறைந்ததும் கர்னல் கடிகார வேகத்தை இறக்கும், இறங்கிய வேகத்தில் அதே வேலை அதிக சதவீதமாகத் தெரியும். பாதிச் சுமையைக் கழற்றிய பிறகும் மீட்டர் அதே எண்ணைக் காட்டிக் குழப்புவது பெரும்பாலும் இதனால்தான். ராஸ்பெர்ரி பை 4 போன்ற போர்டுகள் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஹீட்சிங்க் இல்லாமல் எடுத்த பத்தாம் நிமிட அளவை முதல் நிமிட அளவோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

வாய்ஸுக்குள் இருக்கத் தேவையில்லாதவை

ரெவ்2~ 16 பிரதி இருப்பதுதான் இந்தப் பேட்சின் பெரிய ஓட்டை. ரிவெர்ப், எக்கோ, நிலையான ஈக்யூ ஆகியவை லீனியர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்பிவிட்டுக் கூட்டினாலும், கூட்டிவிட்டு ஒருமுறை அனுப்பினாலும் ஒலி ஒன்றுதான். எனவே ஒவ்வொரு வாய்ஸின் முடிவிலும் ஒரு த்ரோ~ (சிக்னலை வயர் இல்லாமல் அனுப்புவது), வெளியே ஒரே கேட்ச்~ (வந்தவற்றைக் கூட்டிப் பெறுவது), அதன் கீழே ஒரே ரெவ்2~. வாய்ஸுக்கு வாய்ஸ் ரிவெர்ப் அளவு மாற வேண்டுமானால் த்ரோ~வுக்கு முன் ஒரு *~ வைத்தால் தீர்ந்தது. டிஸ்டார்ஷன், கம்ப்ரஸர் இரண்டும் லீனியர் அல்ல. அவற்றை வெளியே எடுத்தால் ஒலியின் தன்மையே மாறிவிடும். வாய்ஸுக்கு வாய்ஸ் கட்-ஆஃப் மாறுகிற விசிஎஃப்~யும் உள்ளேயேதான் இருக்க வேண்டும்.

த்ரோ~வும் கேட்ச்~சும் ஒரே பிளாக் (ஒரு ஓட்டத்தில் கணக்கிடும் சாம்பிள் தொகுதி) அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெக்டர் அளவு பொருந்தவில்லை என்று கன்சோல் கத்தும். வரிசையில் கேட்ச்~ முன்னால் வந்துவிட்டால் ஒரு பிளாக், அதாவது 1.45 மில்லிசெகண்ட், தாமதமாகும். ரிவெர்ப்புக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எல்எஃப்ஓவும் அப்படியே. 16 வாய்ஸுக்கும் ஒரே வேகம் என்றால் 16 ஆஸ்க்~ எதற்கு? வெளியே ஒன்று, அதிலிருந்து செண்ட்~, உள்ளே ரிசீவ்~. ஒவ்வொரு நோட்டிலும் எல்எஃப்ஓ தொடக்கத்திலிருந்து துவங்க வேண்டும் என்றால் மட்டும் உள்ளே விடுங்கள்.

மூன்று -~ 0.5-ஐயும் எடுத்துவிட்டு, மூன்று ஃபேஸர்~ஐயும் ஒரே இன்லெட்டில் சேர்த்து ஒரு -~ 1.5 வைத்தால் இரண்டு ஆப்ஜெக்ட் மிச்சம். ஒரே இன்லெட்டுக்குப் பல வயர் வரும்போது பிடி உள்ளுக்குள் கூட்டத்தான் செய்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

ஸ்விட்ச்~

இந்தப் பதிவில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். ஒரு கேன்வாஸில் (பேட்ச் சன்னலில்) இருக்கும் ஸ்விட்ச்~க்கு 0 அனுப்பினால், அந்தக் கேன்வாஸிலும் அதற்குள் இருக்கும் சப்பேட்ச்களிலும் உள்ள சிக்னல் ஆப்ஜெக்ட்கள் எதுவும் ஓடாது. அவுட்லெட்~களில் பூஜ்யம் வரும். 1 அனுப்பினால் மறுபடி ஓடும். டிஎஸ்பி வரிசை மறுபடி அடுக்கப்படுவதில்லை என்பதால், வாசித்துக்கொண்டிருக்கும்போதே தயங்காமல் மாற்றலாம்.

வெளியே, நோட்டுகளை வாய்ஸ்களுக்குப் பங்கிடும் பாலி 16 1, அதன் மூன்று அவுட்லெட்களிலிருந்து பேக் 0 0 0, அங்கிருந்து க்ளோன். பாலி வாய்ஸ்களை 1-லிருந்து எண்ணும். க்ளோன் 0-லிருந்து எண்ணும். க்ளோனுக்கு ‘-எஸ் 1’ என்ற கொடியைக் கொடுக்காவிட்டால் 16-ஆம் வாய்ஸுக்கு ஆள் இருக்காது, 0-ஆம் வாய்ஸ் வெட்டியாக உட்கார்ந்திருக்கும். 15 நோட்டுவரை எல்லாம் சரியாகக் கேட்கும் என்பதால் இந்தப் பிழை சீக்கிரம் கண்ணில் படாது.

வாய்ஸுக்குள், அன்பேக் 0 0-இன் இரண்டாவது அவுட்லெட்டிலிருந்து வெலாசிட்டியை (கட்டையை அழுத்திய வேகம்; 0 என்றால் நோட் ஆஃப்) செலக்ட் 0-க்கு அனுப்புங்கள். வலது பக்கம், அதாவது நோட் ஆன் பக்கம், ஒரு ட்ரிகர் எஃப் பி பி. ட்ரிகர் வலமிருந்து இடமாகச் சுடும். முதலில் சுடும் வலது ஓர அவுட்லெட், டிலேவுக்கு ‘ஸ்டாப்’ மெசேஜ் கொடுக்கும். நடு அவுட்லெட் ஸ்விட்ச்~க்கு 1 அனுப்பும். கடைசியாக இடது அவுட்லெட்டிலிருந்து வெலாசிட்டி என்வலப்புக்குப் போகும். செலக்ட்டின் இடது பக்கம், அதாவது நோட் ஆஃப் பக்கம், என்வலப்பை ரிலீஸுக்கு (கட்டையை விட்ட பின் ஒலி அடங்கும் கட்டம்) அனுப்பி, கூடவே டிலேவைத் துவக்கும். டிலே முடிந்ததும் ஸ்விட்ச்~க்கு 0. ரிலீஸ் 1,200 மில்லிசெகண்ட் என்றால் டிலே 1,300. ரிலீஸ் நாபில் மாறுவதாக இருந்தால் + 100 போட்டு டிலேயின் வலது இன்லெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். டிலே குறைவாக இருந்தால் என்வலப் பாதி இறக்கத்தில் உறைந்துவிடும். ஒலி டப்பென்று வெட்டுப்படும், அடுத்த நோட்டு அந்தப் பாதி உயரத்திலிருந்தே எழும்பும். இரண்டு இடத்திலும் கிளிக் கேட்கும்.

‘ஸ்டாப்’ மெசேஜை விட்டுவிட்டால் வேறு மாதிரிக் கெடும். ரிலீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே வாய்ஸ் புது நோட்டுக்குப் போனால், பழைய டிலே நடுவில் வந்து புது நோட்டை அணைத்துவிடும். வேகமாக வாசிக்கும்போது மட்டும் சில நோட்டுகள் காணாமல் போவதாகப் புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். பாலி வாய்ஸைத் திருடும்போதும் முதலில் பழைய நோட்டுக்கு 0 வெலாசிட்டி, உடனே புதியது என்றுதான் அனுப்பும். மேலே சொன்ன அமைப்பு அதையும் சரியாகக் கையாளும்.

இன்னும் சில. லோட்பேங்கிலிருந்து ஸ்விட்ச்~க்கு ஒரு 0 வேண்டும், ஏனென்றால் பேட்ச் திறக்கும்போது அது ஆனில்தான் இருக்கும். ஒரு கேன்வாஸில் ஒரு ஸ்விட்ச்~ அல்லது ஒரு பிளாக்~தான் இருக்கலாம், இரண்டும் கூடாது. அணைத்த வாய்ஸின் ஃபில்டர்களும் டிலே லைன்களும் உள்ளே இருந்ததை அப்படியே வைத்திருக்கும். வால்யூம் என்வலப் ஃபில்டருக்குப் பின்னால் இருந்தால் அது காதில் விழாது. முன்னால் இருந்தால் பழைய மிச்சம் ‘ப்ளக்’கென்று வெளிவரும், லாப்~, ஹிப்~, பிபி~, பைக்வாட்~ ஆகியவற்றுக்கு ஆன் செய்யும் முன் ‘கிளியர்’ மெசேஜ் அனுப்பலாம்.

ரிவெர்ப்பையும் இதே முறையில் தூங்க வைக்கலாம், ஆனால் காவலாளியை வெளியே நிறுத்த வேண்டும். ரிவெர்ப்பின் அவுட்புட்டைக் கவனிக்கும் என்வ்~ அந்தச் சப்பேட்சுக்குள்ளேயே இருந்தால் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும், பிறகு எதையும் சொல்லாது. வெளியே வைத்து, அளவு 20-க்குக் கீழே தொடர்ந்து 3 நொடி இருந்தால் அணையுங்கள். பிடியின் டெசிபல் கணக்கில் முழு அளவு 100 என்பதால், 20 என்றால் அதிலிருந்து 80 டெசிபல் கீழே. எழுப்புவதற்கு மட்டும் என்வ்~வை நம்பாதீர்கள். என்வ்~ 1024 தன் 1,024 சாம்பிள் விண்டோவில் பாதிக்கு ஒருமுறை, அதாவது 11.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் பேசும். அதற்குள் நோட்டின் தொடக்கமான அட்டாக் போய்விடும். நோட் ஆன் மெசேஜே எழுப்பட்டும்.

ஸ்விட்ச்~ வந்த பிறகு ரிலீஸ் நேரமும் ஒரு செலவுக் கணக்காகிவிடுகிறது. நொடிக்கு 4 நோட்டு, ஒவ்வொன்றும் கால் நொடி பிடித்து 4 நொடி ரிலீஸ் என்றால் சராசரியாக 17 வாய்ஸ் உயிரோடு இருக்கும், அதாவது 16-ம் நிரம்பித் திருட்டும் தொடங்கிவிடும். ரிலீஸை 1 நொடியாக்கினால் 5 போதும். நீண்ட வாலை ரிவெர்ப் எப்படியும் தருகிறது, அது ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது.

மிஞ்சிய ஆப்ஜெக்ட்கள்

எம்டிஓஎஃப்~ ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு எக்ஸ்பொனென்ஷியல் கணக்கைப் போடும். வாய்ஸுக்கு நொடிக்கு 44,100. சுருதிக்கு இது வேண்டவே வேண்டாம். மெசேஜ் உலகின் எம்டிஓஎஃப் நோட்டுக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும். ஃபில்டர் ஸ்வீப்பில் வளைவு வேண்டும் என்பதற்காகத்தான் பலர் சிக்னல் வடிவத்தை வைக்கிறார்கள். அதற்கு மலிவான மாற்று: லைன்~ 0-லிருந்து 1 வரை ஓடட்டும், அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை மறுபடி அதனாலேயே பெருக்குங்கள். இரண்டு *~இல் நான்காம் அடுக்கு வளைவு கிடைக்கும். கேட்பதற்கு எக்ஸ்பொனென்ஷியலுக்கு மிக அருகில். பிறகு அதிகபட்ச ஹெர்ட்ஸால் பெருக்கி, குறைந்தபட்சத்தைக் கூட்டி விசிஎஃப்~க்குள் விடுங்கள். எல்எஃப்ஓவும் இங்கே செமிடோனில் கூடாமல் ஹெர்ட்ஸில் கூடும் என்பதால் அதன் ஆழத்தை மறுபடி காதால் அமைக்க வேண்டியிருக்கும்.

ஹைபர்பாலிக் டானுக்கு அட்டவணை. 1,027 புள்ளியுள்ள அர்ரே (எண் பட்டியல்) ஒன்று. இடம் i-இல் நிரப்ப வேண்டியது (i − 513) ÷ 128-இன் ஹைபர்பாலிக் டான். சிக்னல் பாதை: *~ 128, +~ 513, கிளிப்~ 1 1025, அர்ரேவை வாசிக்கும் டேப்ரீட்4~. இது ±4 வரை தாங்கும். அந்த இடத்தில் மதிப்பு 0.9993 என்பதால் வெட்டு தெரியாது. 1,024-உடன் 3 கூட்டியதற்குக் காரணம், டேப்ரீட்4~ நான்கு புள்ளிகளுக்கு இடையே இடைக்கணிப்பு செய்வதால் முதல் புள்ளியும் கடைசி இரண்டும் ஓரக் காவலுக்குப் போய்விடும்.

எக்ஸ்பிஆர்~ என்றாலே கெட்டது என்று பொருளில்லை. ஆனால் கூட்டல், பெருக்கலை எல்லாம் அதற்குள் எழுதுவதை விட +~, *~ எப்போதும் வேகம். *~ 0.3 என்று எண்ணை ஆர்குமெண்ட்டாகக் கொடுத்தால் பிடி எண்ணால் பெருக்கும் தனி ரூட்டீனை எடுத்துக்கொள்ளும். அங்கே சிக்~ வைப்பது வீண். அந்த எண் ஓடும்போது மாறுவதாக இருந்தால் மட்டும் லைன்~ தேவை, இல்லாவிட்டால் பிளாக்குக்கு பிளாக் படிக்கட்டு ஒலிக்கும்.

விலைன்~ சாம்பிளுக்குள்ளும் நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்கும். லைன்~ பிளாக்கின் விளிம்பில்தான் தொடங்கும், எனவே 1.45 மில்லிசெகண்ட் வரை தள்ளாட்டம். பேட், ஸ்ட்ரிங்ஸ் போன்றவற்றுக்கு லைன்~ தாராளம். டிரம்முக்கும் கிரானுலர் துண்டுகளுக்கும் விலைன்~ஐத் தொடாதீர்கள்.

பல ஹார்மோனிக்கை ஆஸ்க்~களால் அடுக்கும் பேட்ச்களுக்கு ஒரு துணுக்கு: 16 ஆஸ்க்~, 16 *~ என்று 32 ஆப்ஜெக்ட்டுக்குப் பதில், அர்ரேவுக்கு ‘சைன்சம் 2048’ என்று தொடங்கி 16 அளவுகளையும் ஒரே மெசேஜில் அனுப்பி, டேப்ஆஸ்க்4~ ஒன்றால் வாசிக்கலாம். 16-ஆவது ஹார்மோனிக் 22,050 ஹெர்ட்ஸைத் தாண்டும் இடம் அடிப்படைச் சுருதி சுமார் 1,378 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஹார்மோனிக் குறைந்த இன்னொரு அட்டவணைக்கு மாறாவிட்டால் ஏலியாசிங் (எல்லை தாண்டிய அதிர்வெண் தவறான சுருதியாகத் திரும்பி வருவது) கீச்சிடும்.

பிளாக் அளவு

ஃபீட்பேக்குக்காக முழுப் பேட்சையும் பிளாக்~ 1-இல் வைப்பது பரவலான பழக்கம், அதே அளவுக்குச் செலவான பழக்கமும் கூட. அழைப்புகள் 64 மடங்காகின்றன. அது மட்டுமல்ல, பிளாக் 8-இன் மடங்காக இருந்தால்தான் +~, *~ போன்றவை எட்டெட்டாகப் பிரித்து ஓடும் வேகமான ரூட்டீனை எடுக்கும்; 1, 2, 4-இல் அது கிடைக்காது. பறித்த தந்தி ஒலிக்கு டெல்ரைட்~, டெல்ரீட்4~ என்ற டிலே ஆப்ஜெக்ட்கள் கொண்டு லூப் கட்டினால் குறைந்தபட்ச தாமதம் ஒரு பிளாக். 64-இல் 689 ஹெர்ட்ஸ் சுருதிக்கு மேல் ஏற முடியாது. 16-இல் 2,756, 8-இல் 5,512. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான், ஆகவே பிளாக்~ 8-க்குக் கீழே போகத் தேவையில்லை. லூப்பை மட்டும் சப்பேட்சில் போட்டு அதற்குள் பிளாக்~ 8. ஒரு சாம்பிள் ஃபீட்பேக் உண்மையிலேயே வேண்டிய ஃபில்டர் என்றால் ஆர்போல்~, சிபோல்~ ஆகியவை 64 பிளாக்கிலேயே அதைச் செய்துவிடும்.

எதிர்த்திசையில், எஃப்எஃப்டிக்காக (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) பிளாக்~ 4096 போட்டால் சராசரி அழகாக இருக்கும், ஒலி மட்டும் வெட்டும். காரணம், 63 சுற்றுகள் சும்மா இருந்துவிட்டு முழு வேலையும் ஒரே சுற்றில் நடக்கிறது. அந்தச் சப்பேட்ச் சராசரியாக 20 சதவீதம் தின்றால், 92.9 மில்லிசெகண்டின் 20 சதவீதமான 18.6 மில்லிசெகண்ட் வேலை ஒரே மூச்சில் வரும். ஆடியோ செட்டிங்கில் டிலே அதைவிடக் கூடுதலாக இல்லாவிட்டால் வெட்டுதான். ஓவர்லேப்பை 4-லிருந்து 2-ஆக்கினால் செலவு பாதி.

டிஸ்டார்ஷனுக்கு ஓவர்சாம்பிளிங் செய்யும் பிளாக்~ 64 1 2-க்குள் டிஸ்டார்ஷனும் அதன் ஃபில்டரும் மட்டும் இருக்கட்டும். மூன்றாம் எண்ணை 0.5 ஆக்கி ரிவெர்ப்பைப் பாதி வேகத்தில் ஓட்டலாம். உயர் அதிர்வெண் போகும், ரிவெர்ப்பில் அது பெரிய இழப்பல்ல. ஆனால் சாம்பிள் வேகத்தைக் குறைக்கும்போது பிடி ஃபில்டர் எதுவும் செய்யாமல் சாம்பிள்களை உதறிவிடும், எனவே உள்ளே நுழையும் முன் இரண்டு மூன்று லாப்~ அடுக்குங்கள்.

ஆடியோ அல்லாத சுமை

சராசரி 30 சதவீதம்தான், ஆனாலும் வெட்டுகிறது என்றால் திடீர்க் குதிப்பைத் தேடுங்கள். சவுண்ட்ஃபைலர் ஃபைல் முழுவதையும் ஏற்றி முடிக்கும் வரை ஒலி காத்திருக்கும். நீளமான ஃபைலுக்குத் தனி த்ரெட்டில் படிக்கும் ரீட்எஸ்எஃப்~ தான் சரி. ஓடும்போது சிக்னல் ஆப்ஜெக்ட்களை உருவாக்கினாலோ அழித்தாலோ டிஎஸ்பி வரிசை முழுக்க மறுபடி அடுக்கப்படும். அன்டில் (திரும்பத் திரும்பச் செய்யும் லூப்) கொண்டு அர்ரே நிரப்புவதெல்லாம் பேட்ச் திறக்கும்போதே முடியட்டும்.

திரையும் ஒரு செலவு. வியூ மீட்டர், நம்பர் பாக்ஸ், திறந்திருக்கும் அர்ரே எல்லாம் மாறும்போது பிடியின் மைய இழை தனி ப்ராசஸாக ஓடும் திரைப் பகுதிக்குச் செய்தி எழுத வேண்டியிருக்கிறது. திரையைப் புதுப்பிக்கும் மெட்ரோ 10-ஐ (10 மில்லிசெகண்ட் இடைவெளி) 100 ஆக்கினாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அர்ரேக்களை மூடிய சப்பேட்சுக்குள் வையுங்கள். மேடையில் ஓடும் பெட்டிக்கு ‘-நோகுய்’ கொடியோடு திரையே இல்லாமல் துவக்குங்கள்.

டீநார்மல் எனப்படும் மிகச் சிறிய எண்களைப் பற்றிய பயம் பிடியின் சொந்த ஆப்ஜெக்ட்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. லாப்~, டெல்ரைட்~ போன்றவை அவற்றைத் தாமே பூஜ்யமாக்கிவிடும். நோட்டு ஓய்ந்து சில நொடி கழித்துச் சுமை ஏறினால் சந்தேகப்பட வேண்டியது வெளியிலிருந்து சேர்த்த எக்ஸ்டர்னல்களைத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு சுமை மிஞ்சினால் பிடி~. வழக்கமான பிடி ஒரே கோரில்தான் கணக்கிடும். பிடி~ இன்னொரு பிடியைத் தனி ப்ராசஸாகத் துவக்கி மற்றொரு கோரில் ஓட்டும். உள்ளே அடிசி~, டாக்~ இரண்டும் வெளி இன்லெட், அவுட்லெட்டாக மாறிவிடும். சாம்பிள் வேகத்தை இரண்டு பக்கமும் ஒன்றாகக் கொடுங்கள். இயல்பான ஃபிஃபோ (இரண்டுக்கும் இடையே சிக்னல் காத்திருக்கும் வரிசை) 5 பிளாக், அதாவது 320 சாம்பிள், 7.3 மில்லிசெகண்ட். கைக்கும் காதுக்கும் நடுவில் இந்தத் தாமதம் வேண்டாம் என்பதால் வாய்ஸ்களை இங்கேயே வைத்துக்கொண்டு, கேட்ச்~சுக்குக் கீழே இருக்கும் ரெவ்2~ஐ அங்கே அனுப்புங்கள். ரிவெர்ப்பில் ஏற்கெனவே 20 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே வைத்திருந்தால் அதை 13-ஆகக் குறைத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும்.